நெஞ்சுவலிக்காக ஜெபித்தவர்களைப் பார்க்கப் போனேன்

எஸ்தர் அக்கா தொலைபேசியில் அதிகம் பேசவில்லை. "எட்டு வருசமா உனக்காக முழங்கால் போட்டவுக இருக்காக. ஒரு தடவ நேர்ல வந்து நன்றி சொல்லிட்டுப் போ" என்றாள். அக்கா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். அவள் கேட்டுக்கொள்கிற மாதிரிதான் பேசுவாள், ஆனால் அது வீட்டுப்பாடம். நான் மலேசியாவில் கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், வயது ஐம்பத்தாறு. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டி நிறைய மைலோவும் பிஸ்கட்டும் அடைத்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினேன்.

நன்றி எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிகாரன். 'குடிகாரனாக இருந்தவன்' என்று எழுத ஆசைதான், ஆனால் குடியை விட்டவர்கள் கூடுகிற, நான் போகிற குழுவில் அப்படிச் சொல்ல விடமாட்டார்கள். குடிக்காமல் இருந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் அக்காவின் கணவர் இறந்தபோது டிக்கெட் கையில் இருந்தும் நான் விமானம் ஏறவில்லை. ஏறுகிற நிலையில் இல்லை. அக்காவிடம் நெஞ்சுவலி என்றேன். பாவம், புருஷனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அவள் எனக்காகவும் அழுதாள்.

அவள் டீச்சராக வேலை பார்த்தது பேரையூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில். அங்கே உள்ள சபைப் பெண்களிடம் "தம்பிக்கு நெஞ்சுவலி, ஜெபம் பண்ணுங்க" என்று அன்றைக்குச் சொன்னவள்தான். பிறகு என் மனைவி மூலம் உண்மை தெரிந்தும் அவள் அதை மாற்றவில்லை. அந்தப் பெண்களும் ஜெபத்தை நிறுத்தவில்லை. ஆக, எனக்கு இல்லாத ஒரு வியாதிக்காக எட்டு வருஷம் ஜெபித்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் நான் கடல் தாண்டிப் போனேன்.

வியாழக்கிழமை மதியம் விமான நிலையத்திலிருந்து ஆட்டோவில் அக்கா வீடு இருக்கிற காளவாசல் வந்து சேர்ந்தேன். கிள்ளானில் ஒருவன் ஹாரன் அடித்தால் சண்டைக்கு வருகிறான் என்று அர்த்தம். காளவாசல் சிக்னலில் அது நலம் விசாரிப்பது. பஸ், பைக், சர்பத் வண்டி எல்லாம் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். வழியெல்லாம் எங்கெங்கே ஒயின்ஷாப் என்று என் கண் தானாகக் குறித்துக்கொண்டே வந்தது, லாரிக்காரன் கண் பெட்ரோல் பங்கைக் குறிப்பது போல. நான் குறிக்கச் சொல்லவில்லை.

"மலேசியாவுலயும் இம்புட்டு வெயிலாண்ணே?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். வெயில் உண்டு, ஆனால் தினமும் மழை பெய்து அணைத்துவிடும் என்றேன். "அப்ப ஏண்ணே இங்க வந்தீங்க?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். நன்றி சொல்ல வந்தேன் என்றதும் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை ஓட்டினார்.

அக்கா இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, கண்ணின் வெள்ளையைப் பார்த்தாள். மஞ்சள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் "சாப்பிட வா" என்றாள். கோலா உருண்டைக் குழம்பு, சோறு, முட்டைக்கோஸ் பொரியல். கிள்ளானில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவும் பருப்பும் தின்றே பழகிய வயிறு இது, அன்று வெட்கமில்லாமல் மூன்று தடவை சோறு வாங்கியது. என் மனைவி மூன்று வருஷம் என்னோடு பேசாமலே சமைத்துப் போட்டாள். அதனால் யாராவது பேசிக்கொண்டே பரிமாறினால் எனக்கு இப்போதும் எழுந்திருக்க மனசு வராது.

வெள்ளிக்கிழமை தல்லாகுளம். அக்கா தான் உயிரோடு இருப்பதாக அலுவலகத்தில் காட்ட வேண்டிய நாள் அது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் போய் நின்று, நான் சாகவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். வரிசையில் நின்ற பெரியவர்கள் எல்லாரும் அன்றைக்கு மட்டும் நன்றாகத் தலை சீவி, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார்கள். ஒருத்தர் இன்னொருத்தரிடம், "இந்த வருசமும் பாஸாயிட்டோம் மாப்ள" என்று சொல்லிக் கை குலுக்கினார். அக்காவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான், எனக்குத் தினமும் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை முடிய மாலையாகிவிட்டது. அக்கா பக்கத்துத் தெருவில் தையல்காரியைப் பார்க்கப் போனாள். நான் டீக்கடையில் நின்றேன். மணி ஆறு. எனக்கு நாளில் மற்ற இருபத்துமூன்று மணி நேரமும் பெரும்பாலும் ஒழுங்காகப் போகும். இந்த ஒரு மணி நேரம்தான் வம்பு.

அப்போது பைக்கில் வந்து நின்ற ஒருவர், ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டே, மரியாதையாகக் கேட்டார். "அண்ணே, தனியாத்தான் இருக்கீங்களா? ஒரு கட்டிங் போடலாம்னு பாக்குறேன். ஆளு கூடுவீங்களா?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு குவாட்டர் பாட்டிலில் பாதிதான் கட்டிங். முழுசாகத் தேவைப்படாதவர்கள் இப்படித் தெருவில் நின்று முகம் தெரியாத இன்னொருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். ஊர் கேட்க மாட்டார்கள், சாதி கேட்க மாட்டார்கள். ஒரே பாட்டில், ஒரே தண்ணீர் பாக்கெட், பத்து நிமிஷத்தில் அண்ணன் தம்பி. கிள்ளானில் எனக்கு இப்படி அழைப்பு வந்ததே இல்லை, அங்கே அவனவன் பாட்டிலை அவனவன் கட்டிப்பிடித்துக்கொள்வான். இவ்வளவு நல்ல மனிதரிடம் வேண்டாம் என்று சொல்லக் கஷ்டமாக இருந்தது.

"வேணாம்ண்ணே" என்றேன். "டாக்டர் வேணாம்னுட்டாரா?" என்றார். தலையாட்டினேன். "உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போனதும் போனை எடுத்தேன். கிள்ளானில் இருக்கும் அந்தோணியைக் கூப்பிட்டேன். என்னைப் போலவே குடியை விட்டவன், எனக்கு ஆறு வருஷம் மூத்தவன், அதாவது விட்ட கணக்கில். "டீ குடிச்சியா?" என்று கேட்டான். குடித்தேன் என்றேன். "இன்னொன்னு குடி. அதுக்குள்ள அக்கா வந்துருவாங்க" என்றான். ஞானம் நிறைந்த வார்த்தை எதையும் அவன் எப்போதும் சொன்னதில்லை. இரண்டாவது டீயை ஊதி ஊதிக் குடித்தேன், அக்கா ஜாக்கெட்டோடு வந்து சேர்ந்தாள்.

ஆவிக்குரிய வளர்ச்சி என்று பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தவன் நான். மரம் போல வளர வேண்டும், ஏணி போல ஏற வேண்டும் என்பார்கள். என்னிடம் அப்படி எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. குடியை விட்ட புதிதில் இந்த மாதிரி நேரத்தில் அந்தோணியோடு ஒரு மணி நேரம் பேசினால்தான் கால் வீட்டுப் பக்கம் திரும்பும். இப்போது ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமாக இருக்கிறது. கர்த்தர் என்னில் செய்திருக்கிற வேலையில் என் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான், இதற்கே நான் அவருக்கு நிறையக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை அக்காவும் நானும் சண்டை போட்டோம். ஞாயிறு ஆராதனையில் என்னைச் சாட்சி சொல்லச் சொல்வார்கள் என்றாள். சாட்சி சொல்வதற்கு எங்கள் சபைகளில் ஒரு அளவுச்சட்டை உண்டு. முன்னால் பாவம், நடுவில் ஒரு நாள் பெரிய வெளிச்சம், அதன் பிறகு ஆசையே போய்விட்டது, அல்லேலூயா. எனக்கு ஆசை போகவில்லை. அந்தச் சட்டை எனக்குச் சேராது என்றேன்.

"அப்ப நெஞ்சுவலி கொணமாயிருச்சுன்னு சொல்லிட்டு உக்காரு" என்றாள்.

"டீச்சரா இருந்துக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய்ய ஆரம்பிச்சது யாரு? நான் சொன்னத நான் மாத்த மாட்டேன். மாத்தணும்னா நீ மாத்து. இல்லைன்னா விட்டுரு."

நான் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். 'சுகம் தந்த தேவனுக்கு ஸ்தோத்திரம்' என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். எந்தச் சுகம் என்று யார் கேட்கப் போகிறார்கள். கோழைத்தனம்தான், தெரிந்தேதான் செய்தேன்.

கோபம் தணிந்த பிறகு அக்கா அந்த ஊர்க் கதையைச் சொன்னாள். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கே டீக்கடையில் இரண்டு வகை டம்ளர் இருந்தது. சபையில் இருக்கிற குடும்பங்களுக்கு வேறு டம்ளர், குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும். எங்கள் குடும்பம் அந்தச் சாதி இல்லை. முதல் நாளே அக்கா அவர்கள் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு, அவர்கள் சொம்பிலேயே வாய் வைத்துக் குடித்திருக்கிறாள். தாகம்தான் காரணம், புரட்சி செய்யும் எண்ணமெல்லாம் இல்லை என்று சிரித்தாள். டீக்கடைக்காரர் ஒரு மாதம் அவளுக்கு டீ தரவில்லையாம். அந்தச் சொம்பைத்தான் அந்த ஊர் இன்னும் மறக்கவில்லை.

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. மறுநாள் திருவிருந்து ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் தருகிற நாள். எங்கள் கிள்ளான் சபையில் விரல் அளவுக் கிண்ணங்களில் திராட்சைச் சிரப் தருவார்கள், அதனால் தொல்லை இல்லை. "அங்க என்ன ரசம் குடுப்பாங்க?" என்று கேட்டேன். அக்கா யோசித்தாள். அவள் அதைக் குடித்திருக்கிறாளே தவிர, என்ன என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. "சீக்கிரம் போயி ஆயர்கிட்டக் கேட்டுருவோம்" என்றாள்.

ஞாயிறு விடிந்ததும் கிளம்பினோம். திருமங்கலம் தாண்டியதும் ஊர் சத்தம் அடங்கி, இரண்டு பக்கமும் கரிசல் மண்ணும் மக்காச்சோளமும் மேற்கே மலையும் தெரிந்தன. கிள்ளானில் பஸ் கதவை மூடினால் உள்ளே குளிர்பெட்டி, யாரும் யாரோடும் பேசுவதில்லை. இந்த பஸ்ஸில் எனக்கு முன்சீட்டு அம்மா இறங்குவதற்குள் என் சம்பளம் தவிர எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பேரையூரில் இறங்கி மினி பஸ் பிடித்தோம். பத்து நிமிஷத்தில் டயர் வெடித்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார், நடத்துநர் இறங்கிப் பார்த்தார், பிறகு நாங்கள் எல்லாரும் இறங்கிப் பார்த்தோம். ஸ்டெப்னி எங்கே என்று ஒருவர் கேட்டார். "அது நேத்து இன்னொரு வண்டிக்குப் போச்சு" என்றார் நடத்துநர், உறவினர் வெளியூர் போயிருப்பதைச் சொல்வது போல. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. ஆயரைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நேரம் அங்கேயே கரைந்தது.

கடைசியில் தக்காளிக் கூடைகளோடு வந்த ஒரு குட்டியானை லோடு வண்டி எங்களை ஏற்றிக்கொண்டது. அறுபத்தொரு வயது அக்கா, கஞ்சி போட்ட சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள். நான் ஏற இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. "மலேசியாவுல ஒங்களுக்குச் சோறு போடுறாகளா இல்ல காத்தடிச்சு விடுறாகளா?" என்று ஒரு பெண் கேட்டாள், வண்டியே சிரித்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆராதனை பாதி முடிந்திருந்தது. சின்னக் கோவில், மஞ்சள் சுண்ணாம்பு, வெளியே சாமியானாவில் மதியச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. செருப்புகள் கிடக்கும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கண்டதும் எழுந்து பையை வாங்கிக்கொண்டார். "இவரு தங்கராசு. கோவில் வேலையெல்லாம் பாக்குற பாக்கியத்தோட வீட்டுக்காரரு" என்றாள் அக்கா. உள்ளே வரவில்லையா என்று கேட்டேன். "நீங்க போங்கண்ணே, நான் செருப்பப் பாத்துக்கிறேன்" என்றார். திருவிருந்து ஞாயிறு என்றால் அவர் இப்படித்தான், மனசு கல் என்று அக்கா காதில் சொன்னாள்.

உள்ளே நுழைந்ததும் பாட்டு நிற்காமலே தலைகள் திரும்பின. ஒரு பெண் பாடிக்கொண்டே எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "தம்பி, நெஞ்சுவலி தேவலையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வரியிலிருந்து பாட்டைத் தொடர்ந்தாள். அவள்தான் பாக்கியம். எட்டு வருஷமாகப் புதன்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி ஜெபத்தை ஆரம்பித்து வைப்பவள். கையில் சூடு இருந்தது. எனக்கு அழுகை வந்தது, வந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

சாட்சிக்கு நேரமில்லை, ஆயருக்கு அடுத்த ஊரில் இன்னொரு ஆராதனை இருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. எல்லாரும் வரிசையாக முன்னால் போய் மண்டியிட்டோம். என் இடது பக்கம் பெரிய மீசை வைத்த ஒரு பெரியவர், வலது பக்கம் அக்கா. அப்பத்தை வாங்கி வாயில் போட்டேன். ஒரே பாத்திரம் கை மாறாமல் ஆயர் கையிலேயே ஒவ்வொரு வாயாக வந்தது. மீசைக்காரர் குடித்தார். அடுத்து என் முன்னால் வந்தது.

வாசனை முதலில் வந்தது. சிரப் இல்லை. பன்னீர் திராட்சையும் சீனியும் ஜாடியில் கிடந்து புளித்த, நல்ல, பதமான ஒயின். என் வாய் ஊறியது. இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். கர்த்தருடைய பாத்திரம் என்று தெரிந்தும், அது என் நாக்குக்குச் சரக்காகத்தான் தெரிந்தது. ஒரு வாய்தான், அதுவும் பரிசுத்தமானது, யார் குற்றம் சொல்வார்கள் என்று உள்ளே ஒருவன் வக்கீல் மாதிரிப் பேசினான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். பத்து வருஷம் அவன் பேச்சைத்தான் கேட்டேன். உதட்டை இறுக்கிக்கொண்டு, தலையைப் பின்னால் இழுத்து, கையால் வாயை மறைத்துக்கொண்டேன். ஆயர் ஒரு கணம் நின்றுவிட்டு அக்காவிடம் போனார். மீசைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார்.

தப்பித்தோம் என்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன். ஆயர் அங்கியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பிவிட்டார். சாமியானாவில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். கறிச்சோறு வாசனை. நானும் பாயில் உட்காரப் போனேன். பாக்கியம் வந்து தடுத்தாள்.

"சார், நீங்க இங்க உக்காருங்க."

தனியாக ஒரு மேஜை, ஒரு நாற்காலி. மேஜை மேல் கடையில் வாங்கிய தட்டு, பேப்பர் கப், தண்ணீர் பாட்டில். "சீலு ஒடைக்காதது சார்" என்றாள். வெளிநாட்டுக்காரன் வயிறு என்று எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன். நன்றி சொன்னேன். அவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை. பாயில் எல்லாரும் எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். சத்தமான பேச்சு, கேலி ஒன்றும் இல்லை.

அக்கா என் பக்கத்தில் வந்து குனிந்தாள். முகம் வெளுத்திருந்தது. "டேவிட்டு, நீ பாத்திரத்த வேணாம்னது அவுக வாய் வச்சதுனாலன்னு நெனச்சுட்டாக."

கொஞ்ச நேரம் எனக்குப் புரியவே இல்லை. புரிந்தபோது அந்தப் பேப்பர் கப்பைப் பார்க்க முடியவில்லை. டீக்கடையில் தங்களுக்கு வைத்த டம்ளரை அவர்கள் மறக்கவில்லை. நான் கேட்பதற்கு முன் அவர்களே எனக்கு வேறு டம்ளர் வைத்துவிட்டார்கள். உள்ளே நுழையும்போது 'தம்பி' என்றவள் இப்போது 'சார்' என்கிறாள். அக்கா ஒரு சொம்புத் தண்ணீரில் சம்பாதித்ததை நான் ஒரு தலை அசைப்பில் அழித்துவிட்டேன்.

"நெஞ்சுக்கு மருந்து சாப்பிடுறான், அதான் குடிக்கலன்னு சொல்லிரவா?" என்று அக்கா கேட்டாள். எவ்வளவு சுலபமான வழி. பொய்கூட ஏற்கெனவே தயாராக எட்டு வருஷமாக அங்கே இருக்கிறது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து பாய்களின் நடுவே போய் நின்றேன். கையில் சோற்றோடு எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"நான் குடிகாரன்" என்றேன். "எனக்கு நெஞ்சுவலி வந்ததே இல்ல. எங்க மச்சான் சாவுக்கு வர முடியாம குடிச்சுக் கெடந்தேன், அதுக்கு அக்காட்டச் சொன்ன பொய் அது. இப்ப குடிக்காம இருக்கேன். ஆனா ஆச போகல. அந்தப் பாத்திரத்துல இருந்தது ஒயினு. ஒரு வாய் உள்ள போச்சுன்னா நான் எங்க போயி நிப்பேன்னு எனக்குத் தெரியாது. அதான் குடிக்கல. நீங்க வாய் வச்சதுக்காக இல்ல. எம்மேல சத்தியமா அதுக்காக இல்ல."

நன்றி சொல்ல வந்தவன் அதைச் சொல்லவும் மறந்துவிட்டேன்.

பாக்கியம் கரண்டியோடு நின்றாள். "அப்ப எட்டு வருசமா நெஞ்சுக்கு நெஞ்சுக்குன்னு நாங்க பண்ணுன ஜெபம்?"

மீசைக்காரர்தான் எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சொன்னார். "அட்ரசு தப்பா எழுதியிருக்கோம். போஸ்ட்மேன் நல்லவரு, கொண்டுபோயிச் சேத்துட்டாரு."

ஒருவர் சிரித்தார், பிறகு பாய் முழுவதும் சிரித்தது. ஆனால் பாக்கியம் சிரிக்கவில்லை. அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. "அந்த ரசம் நான் போட்டது தம்பி. எங்க மாமியாக்குப் பெறகு நாந்தான் போடுறேன். இருவத்தொரு நாளு, காலைல எந்திரிச்சதும் பல்லு வெளக்கி, ஜெபம் பண்ணிட்டுத்தான் ஜாடியத் தெறந்து கிண்டுவேன்."

"ரசத்துல குத்தமில்லக்கா" என்றேன். "குத்தம் என் நாக்குல."

"பாக்கியம்" என்று ஒரு குரல் கேட்டது. செருப்பு கிடக்கிற இடத்திலிருந்து தங்கராசு எழுந்து நின்றிருந்தார். தட்டு கையில் இருந்தது. அவர் எப்போதும் அங்கேயேதான் உட்கார்ந்து சாப்பிடுவாராம். "நானும் அதுக்குத்தான் உள்ள வாரதில்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"மூணு தடவ விட்டுட்டேன். மூணு தடவயும் திருவிருந்துல ஒரு வாய் குடிச்சேன், சாயந்தரம் கடையில போயி நின்னேன். அதான் உள்ள வாரதில்ல. சாமி மேல கோவம் எல்லாம் இல்ல."

"இம்புட்டு வருசமா?" என்றாள் பாக்கியம். "என்கிட்டச் சொல்லக் கூடாதா? ஊரே ஒங்கள மனசு கல்லுன்னு பேசுச்சு. நானும்ல பேசுனேன்."

"நீ அம்புட்டு ஆசையாக் கிண்டிக்கிட்டு இருப்ப. அதப் பாத்துக்கிட்டு எப்பிடிச் சொல்ல?"

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். பிறகு கரண்டியை இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, என் மேஜைக்குப் போய் அந்தத் தட்டு, கப், பாட்டில் எல்லாவற்றையும் எடுத்து அப்புறப்படுத்தினாள். பாயில் இருந்தவர்களை நகரச் சொன்னாள். இரண்டு எவர்சில்வர் தட்டு வைத்தாள். "தம்பி, இங்க உக்காருங்க. நீங்களும் வாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள். அடுத்த மாசம் உலர்ந்த திராட்சையை வாங்கி முதல் நாள் ஊற வைத்துப் பிழிந்தால் போதுமா, ஆயர் ஒத்துக்கொள்வாரா என்று அக்காவிடம் அப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். ஒத்துக்கொள்ள வைப்பது தன் பொறுப்பு என்று அக்கா தன் பழைய டீச்சர் குரலில் சொன்னாள்.

தங்கராசு செருப்பைத் தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நாள் கழித்துச் சாமியானாவுக்குள் வருகிறவர் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார். எங்கள் இருவருக்கும் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. இரண்டு டம்ளரில் தண்ணீர் வந்தது. நான் குடித்தேன். குளிர்ந்த, கொஞ்சம் உப்புக் கரித்த தண்ணீர்.

"விட்டு எம்புட்டு நாளாச்சுண்ணே?" என்று அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பதினோரு மாசம்."

அவர் தலை இன்னும் குனிந்தது. "பெரிய விசயம்ண்ணே" என்றார். தண்ணீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, யாருக்கும் கேட்காமல், "நான் நேத்துக்கூடக் குடிச்சேன். எனக்கு இன்னைக்குக் காலைல இருந்துதான்" என்றார்.

"எனக்கும் இன்னைக்குக் காலைல இருந்துதான்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.